ஒரு நிமிடப் பாட்டு, நாற்பது ஆண்டு நாடா

ஹார்ட்கோர் பங்க் என்பது 1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நகரங்களில் பள்ளி மாணவர்களும் இருபதைத் தொட்டும் தொடாத இளைஞர்களும் உருவாக்கிய இசை. ஒரு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ட்ரம்ஸ், தொண்டை கிழியப் பாடும் ஒருவர், அவ்வளவுதான் குழு. பாட்டு ஒரு நிமிடம் ஓடும், மிஞ்சினால் இரண்டு. எழுபதுகளின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பிறந்த பங்க் இசையின் வேகத்தையும் ஆவேசத்தையும் இவர்கள் இன்னும் கூட்டினார்கள். அதில் எஞ்சியிருந்த அலங்காரத்தையும் உதறினார்கள். லாஸ் ஏஞ்சலீஸ், பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு தனிக் கூட்டம், அதற்கென ஒரு தனிப் பாணி.

பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் இந்தப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வானொலியிலும் இவர்களுக்கு இடமில்லை. பதிவு செய்வது, தட்டு அடிக்கக் கொடுப்பது, உறையை வெட்டி ஒட்டுவது, கச்சேரிக்கு நோட்டீஸ் வரைவது எல்லாம் அவர்கள் கையாலேயே நடந்தன. பல குழுக்கள் ஓர் ஆண்டுகூட நீடிக்காமல் கலைந்தன. ஒலிநாடா இல்லையென்றால் அந்தக் குழு இருந்ததற்கே சாட்சி இல்லை. இந்த நாடாக்களைத் தேடி, அடையாளம் கண்டு, அழியாமல் காக்கும் வேலை கடந்த முப்பது ஆண்டுகளில் மெல்ல வளர்ந்திருக்கிறது. அது நன்றாக நடந்த ஊர் வாஷிங்டன்.

அங்கே முதலில் பேசவேண்டிய குழு பேட் பிரெயின்ஸ். ஜாஸ் கலந்த இசையில் தொடங்கிப் பங்க் பக்கம் திரும்பிய நான்கு கறுப்பின இளைஞர்கள். அவர்களுடைய வேகத்தைக் கண்டுதான் ஊரின் மற்ற பிள்ளைகள் தாங்களும் அப்படி வாசிக்க முயன்றார்கள். 1979இல் இந்தக் குழு அருகிலுள்ள ஆர்லிங்டனில் டான் ஜியென்டாரா என்பவரின் வீட்டு நிலவறையில் பதிவு செய்தது. ஜியென்டாரா தேசிய ஓவியக் கூடத்தில் வேலை பார்த்தவர். வீட்டிலேயே நான்கு தடங்கள் கொண்ட பதிவுக் கருவி ஒன்றை வைத்து 'இன்னர் இயர்' என்ற பெயரில் ஸ்டுடியோ நடத்தினார். அன்று பதிவான பாட்டுகள் உடனே வெளிவரவில்லை. 1980இல் ஒரு சிறிய தட்டு, 1982இல் நியூயார்க்கின் ரோயர் நிறுவனம் கேசட்டாக மட்டுமே வெளியிட்ட முதல் தொகுப்பு என்று குழு புகழ்பெற்றது. 1979ஆம் ஆண்டு நாடாவோ பதினேழு ஆண்டுகள் கழித்து, 1996இல்தான் 'பிளாக் டாட்ஸ்' என்ற தலைப்பில் வந்தது. குழு முழு உருவம் பெறுவதற்கு முன் எப்படி ஒலித்தது என்பது அதன் பிறகே பொதுவில் தெரிந்தது. ஹார்ட்கோரின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் இப்படி ஒரே ஒரு நாடாவை நம்பிக் கிடந்திருக்கிறது. யாராவது அதன் மேல் வேறு எதையாவது பதிந்திருந்தால் அதோடு போயிற்று. பணத் தட்டுப்பாட்டில் நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது சிறிய ஸ்டுடியோக்களில் வழக்கமாக நடந்ததுதான்.

அதே நிலவறைக்குப் போன இன்னொரு குழு டீன் ஐடில்ஸ். இயான் மெக்கையும் ஜெஃப் நெல்சனும் அதில் இருந்தார்கள்; இருவரும் வில்சன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். குழு 1980இன் இறுதியில் கலைந்தபோது கச்சேரிகளில் சேர்ந்த சுமார் 600 டாலர் கையில் இருந்தது. அதைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் தங்கள் பாட்டுகளை ஒரு தட்டாக அடித்தார்கள். 1,000 பிரதிகளாக அந்த டிசம்பரில் வெளிவந்த அந்தத் தட்டுதான், அவர்கள் இதற்கெனத் தொடங்கிய டிஸ்கார்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடு. மது விற்கும் இடங்களில் வயது குறைந்தவர்களை அடையாளம் காணக் கையில் இடும் பெருக்கல் குறியே உறைப்படம். பிறகு மெக்கை, நெல்சன் இருவரின் அடுத்த குழுவான மைனர் திரெட் வந்தது. ஊரின் பதினொரு குழுக்களைச் சேர்த்து 1982இல் ஒரு தொகுப்புத் தட்டு வந்தது.

டிஸ்கார்டின் பெருமை வெளியீடுகளோடு நிற்பதில்லை. அது எதையும் தூக்கி எறியவில்லை. முதல் முயற்சிப் பதிவுகள், கைவிடப்பட்ட பாட்டுகள், கடிதங்கள், நோட்டீசுகள் என்று எல்லாம் பெட்டிகளில் இருந்தன. அந்தப் பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின. 1980இன் தொடக்கத்தில் டீன் ஐடில்ஸ் செய்த முயற்சிப் பதிவு, நிறுவனத்தின் நூறாவது வெளியீடாக 1996இல் வந்தது. மைனர் திரெட்டின் 1981ஆம் ஆண்டு முயற்சிப் பதிவு 2003இலும், ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவினுடையது 2012இலும், ஃபுகாசி குழுவின் 1988ஆம் ஆண்டுப் பதிவு 2014இலும் வந்தன. இவற்றைக் கேட்கும்போது ஒரு பாட்டு எந்த வடிவில் பிறந்து எப்படி மாறியது என்பது புரிகிறது. முடிந்த தட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதை அறிய முடியாது.

ஃபுகாசியின் கதை இன்னும் பெரியது. மெக்கை உள்ளிட்டவர்கள் 1987இல் தொடங்கிய இந்தக் குழு 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. மேடையில் ஒலி அமைத்தவர்கள் அவற்றில் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். முதலில் கேசட், பிறகு டாட் எனப்படும் எண்ம நாடா, அதன் பிறகு குறுந்தகடு. இவற்றை வரிசைப்படுத்தி, ஊரும் நாளும் குறித்து, 2011 டிசம்பரிலிருந்து குழு இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. ஒரு கச்சேரிக்கு 5 டாலர் என்று சொல்லி, 1 டாலர் முதல் 100 டாலர் வரை விருப்பம்போல் கொடுக்கலாம் என்றது. நன்றாக அமைந்த இரவும் சொதப்பிய இரவும் ஒன்றாகவே வெளிவந்தன. தேர்ந்தெடுத்துச் சிலவற்றை மட்டும் கொடுத்திருந்தால் அது ஒரு விற்பனைத் தொகுப்பாக முடிந்திருக்கும். எல்லாவற்றையும் கொடுத்ததால்தான் அதை ஆவணம் என்று சொல்ல முடிகிறது.

தனியார் பெட்டிகளை மட்டும் நம்பியிருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. வைத்திருப்பவர் வீடு மாறுவார், நோய்ப்படுவார், இறப்பார். அடுத்த தலைமுறைக்கு அந்த அட்டைப்பெட்டி குப்பை. அதனால் வாஷிங்டன் நகரப் பொது நூலகம் 2014இல் டி.சி. பங்க் ஆவணக் காப்பகம் ஒன்றைத் தொடங்கியது. மார்ட்டின் லூதர் கிங் பெயரிலான மைய நூலகத்தில், நகர வரலாற்றுப் பிரிவின் ஒரு பகுதியாக அது அமைந்தது. 1976 முதல் இன்று வரையிலான ஊர்ப் பங்க் இசையின் பதிவுகள், புகைப்படங்கள், நோட்டீசுகள், ரசிகர்கள் கையால் எழுதி நகலெடுத்து விற்ற சிற்றிதழ்கள் எல்லாம் அங்கே சேர்கின்றன. ஒரு காலத்தில் இரைச்சல் என்று விரட்டப்பட்ட இசையை ஊர் தன் வரலாறாக ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய அடையாளம் தேவையில்லை. மேரிலாந்து பல்கலைக்கழகமும் தனியாக ஒரு சிற்றிதழ்த் தொகுப்பை வைத்திருக்கிறது.

சிற்றிதழுக்கும் ஒலிநாடாவுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. கண்டெடுக்கப்படும் கேசட்டில் பெரும்பாலும் எதுவும் எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் 'ரிகர்சல்', 'சனிக்கிழமை' என்று ஒரு சொல் இருக்கும். எந்தக் குழு, எந்த ஆண்டு, எந்த இடம் என்று கண்டுபிடிக்க நோட்டீசு, சிற்றிதழ் விமர்சனம், கச்சேரிப் பட்டியல் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாட்டுகளுக்கு நடுவே பாடகர் சொல்லும் ஒரு வாக்கியம் துப்புக் கொடுக்கும். கூட்டத்தில் ஒருவர் கூப்பிடும் பெயர் கொடுக்கும். இசைக்கலைஞர்களை உட்கார வைத்துக் கேட்கச் செய்தால் இன்னும் நிறையத் தெரியவரும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். பெயரும் நாளும் இல்லாத பதிவு, காப்பகத்தில் சேர்ந்தபின்னும் பாதி தொலைந்ததாகவே இருக்கிறது.

இனி நாடாவின் உடம்பைப் பார்க்கலாம். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டில் இருப்பது 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள பாலியெஸ்டர் நாடா. அதன் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடு போன்ற காந்தத் துகள்கள் ஒரு பிசினில் கலந்து பூசப்பட்டிருக்கும். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது கருவியின் ஹெட்டை உரசிப் போகும்போது துகள்களின் காந்த அமைப்பு மின் அலையாக மாறி ஒலியாகிறது. பெரும்பாலும் துகள்கள் தங்கள் காந்தத்தை இழப்பதில்லை. அவற்றைப் பிடித்திருக்கும் பிசின்தான் கெடுகிறது. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சி மெல்லச் சிதைந்து பிசுபிசுக்கும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த சில வகை ஸ்டுடியோ ரீல்களில் இந்த நோய் அதிகம். அப்படிப்பட்ட ரீலைக் கருவியில் ஓட்டினால் ஹெட்டில் ஒட்டிக் கீச்சிடும், பூச்சும் உரிந்து வரும். உரிந்த பூச்சோடு இசையும் போகும்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. நாடாவைச் சுமார் 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரையிலான சீரான வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை வெளியேற்றுவார்கள். பிசின் தற்காலிகமாக இறுகும். சில வாரங்களுக்கு நாடா ஓடும். அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். ஸ்டுடியோக்கள் தங்கள் பழைய மாஸ்டர் ரீல்களை இப்படித்தான் மீட்கின்றன. வீட்டு அடுப்பில் செய்யத் தக்க வேலை அல்ல இது. எல்லா நாடாவுக்கும் பொருந்தவும் பொருந்தாது. அசிட்டேட்டில் செய்த பழைய நாடா வெப்பத்தில் வளைந்து பாழாகும்.

கேசட்டுக்கு வரும் நோய்கள் வேறு. நாடாவை ஹெட்டோடு அழுத்தும் கம்பளித் துண்டு கழன்று விழும். பூஞ்சை படரும். 120 நிமிடக் கேசட்டில் நாடா மிக மெல்லியது என்பதால் இழுபட்டுச் சிக்கும். ஓடு உடைந்திருந்தால் நாடாவை எடுத்து, திருகாணி போட்ட வேறொரு ஓட்டில் மாற்றலாம். நீண்டகாலம் ஓட்டாத கேசட்டை முதலில் ஒரு முறை முழுக்கச் சுற்றித் தளர்த்திவிட்டுத்தான் போட வேண்டும். பென்சிலை நுழைத்துச் சுற்றிய பழக்கம் இங்கே கைகொடுக்கிறது.

நகலெடுப்பதில் மிக முக்கியமானது ஹெட்டின் சாய்வு. ஒவ்வொரு டேப் ரெக்கார்டரிலும் ஹெட் அமைந்த கோணம் இம்மியளவு மாறுபடும். பதிவு செய்த கருவியின் கோணத்துக்கு ஏற்ப, ஓட்டும் கருவியின் ஹெட்டைச் சிறு திருகாணியால் சரிசெய்தால் மங்கிக் கிடந்த ஒலி சட்டென்று தெளியும். சலசலப்பைக் கணினியில் நீக்குவதெல்லாம் இதற்குப் பிறகுதான், அதுவும் தனிப் பிரதியில் மட்டும். மூலப் பிரதி எந்தத் திருத்தமும் இல்லாமல் இருக்க வேண்டும். உலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கம் வகுத்த நெறிமுறை குறைந்தது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியச் சொல்கிறது. பல காப்பகங்கள் 96 கிலோஹெர்ட்ஸில் பதிகின்றன. அந்தத் தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலி ஏறக்குறைய 2 ஜிபி பிடிக்கும். எம்பி3 கேட்பதற்கு வசதி, காப்பதற்கு உதவாது.

நாடா மட்டும் மூப்படைவதில்லை. சோனி நிறுவனம் டாட் கருவிகளை 2005இலும், ஜப்பானில் கேசட் வாக்மேனை 2010இலும் நிறுத்தியது. நல்ல ஹெட்டும் பெல்ட்டும் கிடைப்பது அரிதாகிவிட்டது. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஓய்வுபெறுகிறார்கள். யுனெஸ்கோவின் ஒரு திட்டத்தின் கீழ் மேற்படி சங்கம் 2019இல் உலகெங்கும் எச்சரிக்கை விடுத்தது. 2025ஐ ஒட்டி நாடாக்களை ஓட்டும் கருவிகள் பயன்பாட்டிலிருந்து மறையும், நகலெடுக்காதவை நிரந்தரமாகக் கைவிட்டுப் போகும் என்பது அதன் சாரம். அந்தக் கெடு இப்போது வந்துவிட்டது.

பழைய பதிவுகளை மீட்கும் வேலைக்கு இந்தியாவிலும் ஓர் அழகான முன்னுதாரணம் உண்டு. டச்சு அறிஞர் ஆர்னால்டு பேக் 1938இல் தென்னிந்திய ஊர்களில் சுற்றி ஒலிப்பதிவுகளும் ஒலியில்லாச் சலனப்படங்களும் எடுத்தார். நசீர் ஜைராஜ்பாயும் ஏமி கேட்லினும் 1984இல் அவற்றின் நகல்களோடு அதே ஊர்களுக்குப் போனார்கள். பாடியவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டி, எது மாறியது, எது நின்றுபோனது என்று பதிவு செய்தார்கள். அயல்நாட்டு அறிஞர்கள் இந்தியாவில் எடுத்த பதிவுகள் வெளிநாட்டு அலமாரிகளிலேயே தங்கிவிடக் கூடாது என்ற எண்ணத்தில், ஜைராஜ்பாயின் முன்முயற்சியால் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1982இல் இன இசையியல் ஆவண, ஆய்வு மையத்தை உருவாக்கியிருந்தது. இன்று அது குருகிராமில் இயங்குகிறது. எந்த ஊரில் எடுத்ததோ அந்த ஊருக்கே பதிவைத் திருப்பிக் கொண்டுபோவது என்ற எண்ணம், காப்பகம் வைப்பதைவிட ஒரு படி மேலானது.

இசைத்தட்டுகளைப் பொறுத்தவரை மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் நெடுங்காலமாக உழைக்கிறது. யங் இந்தியா என்ற சுதேசி நிறுவனத்தின் தட்டுகளை அச்சங்கத்தின் சுரேஷ் சாந்த்வங்கர், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு எண்ம வடிவாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவான பாடகி கோயம்புத்தூர் தாயியின் குரல் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் டெலாஜ் வரை போய், அவர் தம் பாடல் ஒன்றுக்கு அதையே ஆதாரமாகக் கொண்டதும் தட்டு இருந்ததால்தான். ஈழத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதன் இழப்பை அறிந்தவர்கள், 2005 முதல் நூலகம் நிறுவனத்தின் வழியாக அச்சு ஆவணங்களோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் எண்ம வடிவில் சேர்க்கிறார்கள். கம்பெனிகள் வெளியிட்டவைக்கு இப்படி எங்காவது ஒரு பிரதி எஞ்சும். ஊரார் தாங்களே பதிந்துகொண்டவைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கேதான் வாஷிங்டனின் அனுபவம் தமிழ்நாட்டுக்கு நேராகப் பொருந்துகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். இது தெருக்கூத்தின் தாய்நிலங்களில் ஒன்று. கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் புரிசை இந்த மாவட்டத்து ஊர்தான். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், உச்சக் குரலில் பாட்டு என்று பொழுது விடியும்வரை நடக்கும் கலை. எண்பதுகளில் வளைகுடா நாடுகளிலிருந்து ஊருக்கு வந்தவர்கள் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர்களைக் கொண்டுவந்தார்கள். கடைவீதிகளில் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. மேடைக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துக் கூத்து, நாடகம், வில்லுப்பாட்டு, பட்டிமன்றம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றையும் பதிந்துகொள்வது சாதாரணமாயிற்று. எட்டு மணி நேரக் கூத்துக்கு 90 நிமிடக் கேசட் ஆறு வேண்டும். 45 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றும்போது சில வரிகள் விட்டுப்போகும். அந்த விடுபடலோடும், பார்ப்பவர்களின் பேச்சோடும், ஜெனரேட்டர் சத்தத்தோடும் கூடிய கேசட்டுகள்தான் அந்தந்த இரவின் ஒரே ஒலிச்சாட்சி. ஆய்வாளர்களும் அமைப்புகளும் கூத்தைப் பற்றி முக்கியமான பணி செய்திருக்கிறார்கள்: ரிச்சர்டு ஃபிராஸ்காவின் ஆய்வு 1990இல் நூலாக வந்தது, காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் அதே ஆண்டில் தொடங்கியது. ஆனால் ரசிகர் வீட்டுக் கேசட்டுகளை முறையாகத் திரட்டுவது வேறு வேலை.

பதிவு இல்லாமல் போவது என்றால் என்ன என்பதை அறியத் திருவண்ணாமலையே உதாரணம். ரமண மகரிஷி 1896இல் இங்கு வந்து 1950இல் மறையும்வரை இந்த ஊரை விட்டு நீங்கவில்லை. அதே ஆண்டுகளில் தமிழ்ப் பாட்டுகள் ஆயிரக்கணக்கில் தட்டில் ஏறின. அவருடைய புகைப்படங்கள் ஏராளம், சலனப்படமும் இருக்கிறது. குரல் மட்டும் இல்லை.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால் போன்ற இடங்களில் பழைய வீடுகள் இடிந்து மாடிக் கட்டடங்கள் எழும் காலம் இது. பரண் காலியாகும் நாளில்தான் கேசட்டுகள் வெளியே வருகின்றன. பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்கே போகின்றன. கோடையில் கூரையடியில் ஏறும் வெப்பமும் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் நாடாவுக்கு எதிரிகள். தரைக்கும் கூரைக்கும் நடுவே, உலர்ந்த நிழலான அலமாரியில், ஒலிபெருக்கிகளிலிருந்து தள்ளி, புத்தகம் போல நிமிர்த்தி வைத்தால் ஆயுள் கூடும். மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிட்டால் தவறுதலாக அதன் மேல் பதிவதைத் தடுக்கலாம். பெட்டியில் உள்ள சீட்டையும் கேசட்டின் மேல் எழுதியதையும் படமெடுத்து, ஒலிக்கோப்போடு சேர்த்தே வைக்க வேண்டும். கோப்புக்குக் குறைந்தது மூன்று பிரதிகள் தேவை. அவற்றில் ஒன்று வேறொரு ஊரில் இருப்பது நல்லது.

கடைசியாக உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நீடிக்கும். நிகழ்த்திய கலைஞரின் உரிமை 50 ஆண்டுகள். லாப நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள நாடாவைக் காப்பதற்காக எண்ம வடிவில் சேமிக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிடுவதற்கு அந்த அனுமதி போதாது. பாடியவரையோ அவர் குடும்பத்தையோ கேட்க வேண்டும். கூத்துக் கலைஞர் விஷயத்தில் இந்தக் கேள்வியைச் சட்டத்துக்காக மட்டும் கேட்பதில்லை. ஒரு குழுவின் பாட்டு அந்தக் குழுவின் பிழைப்பு. எது வெளியே போகலாம், எது ஆய்வாளர்கள் மட்டும் கேட்கக் காப்பகத்துக்குள் இருக்க வேண்டும், விற்றால் பங்கு யாருக்கு என்பதை நாடாவை வாங்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளும் காப்பகத்துக்குத்தான் அடுத்த வீட்டுக்காரரும் தம் பெட்டியைக் கொடுப்பார்.